ஐஸ் ஹவுஸில் விளக்கேற்றியவர்: சகோதரி சுப்பலட்சுமி

கல்வித் துறையில் நமக்கு முன்னோடியாக விளங்கிய ஒருவரைப் பற்றி, இன்றைய மாணவ மாணவியரும் படிக்கிற மாதிரி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டுக் கொண்டார்கள். அதன்படி எழுதுகிறேன். திருவண்ணாமலைக் கல்லூரி மலரில் சென்னைக் கடற்கரை அம்மாள் ஒருவரின் கதைக்கு என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதை நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

ரமணாசிரமத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு எச்சம்மாளைத் தெரியும். மண்டகொளத்தூர்க்காரர். கணவனையும் பெற்ற பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு, 1900-களின் தொடக்கத்தில் நம் ஊருக்கு வந்தார். மலைக் குகையில் இருந்த மகரிஷிக்குத் தினமும் சமைத்து எடுத்துக்கொண்டு போவதையே தன் வாழ்க்கையாக ஆக்கிக் கொண்டார். 1945-ல் மறையும் வரை அவருக்கு அதுவே விரதம், அதுவே ஆறுதல். துணையை இழந்த ஒரு பெண் போய் நிற்க அன்றைக்கு இருந்த இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று பிறந்த வீட்டு அடுக்களை. இன்னொன்று நம் ஊர் மாதிரி ஒரு கோயில் ஊர். எச்சம்மாளுக்குக் கோயில் ஊர் ஒரு குருவைக் கொடுத்தது. அது எல்லாருக்கும் கிடைத்துவிடாது.

அதுவும் பத்து வயது, பன்னிரண்டு வயதுக் குழந்தையாக இருந்தால்? 1911-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, சென்னை மாகாணத்தில் ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் கைம்பெண் ஆனவர்கள் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல். இருபதாயிரம் பேர்! நம் கல்லூரி மைதானத்தில் நிற்க வைத்தால் இடம் போதாது. இந்தக் குழந்தைகளுக்கு மூன்றாவதாக ஓர் இடம் உண்டு, அதன் பெயர் பள்ளிக்கூடம் என்று காட்டியவர்தான் சகோதரி சுப்பலட்சுமி.

பிறப்பும் இழப்பும்

1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் தேதி மயிலாப்பூரில் பிறந்தார் சுப்பலட்சுமி. தந்தை சுப்பிரமணிய ஐயர் பொறியாளர். தாயார் விசாலாட்சி. தலைச்சன் குழந்தை. படிப்பில் படு சுட்டி. ஒன்பது வயதில், நாலாம் வகுப்புப் பொதுத் தேர்வில் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவதே அபூர்வமாக இருந்த காலம் அது.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. குல வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம் செய்து வைத்தார்கள். கொஞ்ச காலத்திலேயே மாப்பிள்ளை இறந்துவிட்டார். கல்யாணம் என்றால் என்னவென்று தெரிவதற்கு முன்பே அந்தப் பெண் கைம்பெண்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரியும். தலையை மழிப்பார்கள். நார்மடிப் புடவை. ஒரு வேளைச் சாப்பாடு. சுப காரியங்களில் தலை காட்டக் கூடாது. எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போவார்கள். எழுத்து, கணக்கு எல்லாம் அத்தோடு சரி. வாழ்நாள் பூராவும் அடுக்களையும் பூஜை அறையும்தான்.

சுப்பலட்சுமியின் தந்தை இதற்கு உடன்படவில்லை. பெண்ணின் தலையில் கத்தி வைக்க விடவில்லை. படிப்பையும் நிறுத்தவில்லை. வீட்டில் தாமே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். பிறகு கன்னியர் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார். உறவும் ஊரும் சும்மா இருக்குமா? ஏச்சும் பேச்சும் நிறைய. பெண் மதம் மாறிவிடுவாள் என்றுகூடப் பேசினார்கள். அவர் அசையவில்லை. தாயாரும் உடன் நின்றார். விசாலாட்சி அம்மாளின் தங்கை வாலாம்பாளும் அந்த வீட்டிலேயே இருந்தார். அவரும் இளம் வயதில் கணவனை இழந்தவர். எல்லாருக்கும் அவர் சித்தி.

கன்னியர்களின் வாழ்க்கை சுப்பலட்சுமியின் மனதில் ஆழப் பதிந்தது. கல்யாணம், குழந்தை, குடும்பம் எதுவும் இல்லாமல், பிறர் குழந்தைகளுக்காகவே ஒரு பெண் வாழ முடியும், அப்படி வாழ்கிறவளை ஊர் மதிக்கவும் செய்யும் என்பதை அவர் அங்கே கண்ணால் பார்த்தார். மதம் மாறவில்லை. ஆனால் அந்த வாழ்க்கை முறையை எடுத்துக் கொண்டார். சகோதரி என்று பின்னாளில் நாடே அவரை அழைத்ததற்கு இந்தத் தொண்டு வாழ்க்கைதான் காரணம்.

மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1911-ல் முதல் வகுப்பில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவர்தான்.

வேண்டாதவர்கள் வேண்டியவர்கள் ஆன கதை

பட்டம் வாங்கியாயிற்று. இனி என்ன? ஒரு நல்ல உத்தியோகத்தில் அமர்ந்து கௌரவமாக இருந்திருக்கலாம். அவர் யோசித்தது வேறு. தனக்கு ஓர் அப்பா கிடைத்தார், மற்றக் குழந்தைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

இதே சமயத்தில் அரசாங்கத்துக்கு வேறொரு தலைவலி. பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்தவர் மிஸ் கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஐரிஷ் பெண்மணி. பள்ளிகள் திறக்கிறார்கள், பெண் குழந்தைகள் சேர்கிறார்கள், பத்து வயது ஆனதும் நின்று விடுகிறார்கள். காரணம்? சொல்லிக் கொடுப்பது ஆண் வாத்தியார். பெரிய பெண்ணை அவரிடம் அனுப்பப் பெற்றோருக்கு மனம் வரவில்லை. பெண் ஆசிரியை வேண்டும் என்றால், இந்துக் குடும்பங்களில் வேலைக்கு வருகிற பெண்ணே இல்லை. கல்யாணமான பெண் வீட்டை விட்டு வர முடியாது. கல்யாணமாகாத பெரிய பெண் என்று ஒருத்தி அன்றைய சமூகத்தில் கிடையவே கிடையாது.

அப்படியானால் மிச்சம் இருப்பது யார்? கைம்பெண்கள்தான்!

சுப்பலட்சுமியும் மிஸ் லிஞ்சும் சந்தித்தபோது இரண்டு கஷ்டங்களுக்கும் ஒரே மருந்து கிடைத்தது. ஊர் வேண்டாம் என்று மூலையில் உட்கார வைத்த பெண்களைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக ஆக்கினால், அந்த ஊரே தன் பெண் குழந்தைகளை அவர்களிடம் நம்பிக்கையோடு ஒப்படைக்கும். பரிதாபப்பட்டுச் சோறு போடுவது ஒரு வகை உதவி. நீ இல்லாமல் இந்த நாட்டுக்கு ஆகாது என்று ஒருத்தியை நிமிர்ந்து நிற்க வைப்பது வேறு வகை. சுப்பலட்சுமியின் மேதைமை முழுதும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

1912-ல் சாரதா மகளிர் சங்கம் தொடங்கினார். சாரதா என்பது கலைமகளின் பெயர். கைம்பெண்களுக்கான இல்லம் எங்கே தொடங்கியது தெரியுமா? எழும்பூரில் தந்தையின் வீட்டிலேயே. விரல்விட்டு எண்ணக் கூடிய சில பெண்கள். பார்த்துக் கொள்ளச் சித்தி. இன்றைக்கு நாம் கட்டிடம் இல்லை, நிதி இல்லை, அனுமதி வரவில்லை என்று எத்தனை நல்ல காரியங்களைத் தள்ளிப் போடுகிறோம், யோசித்துப் பாருங்கள்.

ஐஸ் ஹவுஸ்

பெண்கள் சேரச் சேர வீடு போதவில்லை. இடம் மாறி மாறிக் கடைசியில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸுக்கு வந்தார்கள். சென்னை போகிறவர்கள் மெரினாவில் வட்டமாக நிற்கும் அந்தக் கட்டிடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டு வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டியது. இங்கேயே ஐஸ் தயாரிக்க வழி பிறந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் வீடானது. 1897-ல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். 1917-ல் அரசாங்கம் வாங்கியது. பனிக்கட்டிக்காகக் கட்டிய கிடங்கு பெண்கள் படிக்கும் விடுதியானது.

அங்கே அவர்களுடைய நாள் எப்படிப் போயிற்று? விடியலில் எழுந்து குளியல், பிரார்த்தனை. வீட்டு வேலைகளில் ஆளுக்கொரு பங்கு. பிறகு பாடம், பாடம், பாடம். பதினாலு பதினைந்து வயதில் வந்து சேர்ந்தவளுக்கு அகரம்கூடத் தெரியாது. சின்னக் குழந்தைகளுக்கான பாடத்திலிருந்து தொடங்கி, இழந்த வருஷங்களை எட்டிப் பிடிக்க வேண்டும். சாயங்காலம் எதிரே கடற்கரை. வாசலுக்கு வந்தாலே ஏச்சுக் கேட்ட பெண்களுக்கு, எட்டுகிற தூரத்தில் அத்தனை பெரிய கடல், அத்தனை அகலமான மணல். கை கோத்து நடக்கலாம், ஓடலாம், வாய்விட்டுச் சிரிக்கலாம். பாடப் புத்தகத்தில் இல்லாத படிப்பு அது.

மழித்த தலையோடு வந்த பெண்களும் உண்டு. முடி வளர்க்க விரும்பினால் வளர்க்கலாம். வேண்டாம் என்றால் வேண்டாம். யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை. சுப்பலட்சுமியே கடைசி வரை நகை எதுவும் இல்லாமல் எளிய வெள்ளைப் புடவையோடுதான் இருந்தார். மேல் படிப்புக்குத் தகுதியான சிலர், 1914-ல் அதே கடற்கரைச் சாலையில் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரிக்குப் போனார்கள். மற்றவர்கள் பயிற்சி முடித்து வெளியூர்ப் பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகளாகப் போனார்கள். ஒரு காலத்தில் எதிரே வந்தால் சகுனத் தடை என்று ஒதுக்கப்பட்ட பெண், இப்போது வகுப்புக்குள் நுழைந்தால் முப்பது குழந்தைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்கின்றன. இதைவிடப் பெரிய புரட்சி எது?

கொடுத்த விலை

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது புகழ்ச்சி மட்டும் எழுதினால் படிக்கிற பிள்ளைகளுக்குப் பிரயோசனம் இல்லை. ஆகையால் இதையும் சொல்ல வேண்டும். ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அடுக்களை ஆசாரமும் அப்படியே. மறுமணத்தை அவர் அங்கே முழக்கமாக்கவில்லை.

இது சரியா? இன்றைய நம் கண்ணுக்குச் சரியில்லை. அரசாங்கப் பணத்தில் நடக்கிற விடுதியில் ஒரு சாதிக்கு மட்டும் இடம் என்றால் அன்றைக்கும் கேள்வி வரத்தான் செய்யும். அவர் தரப்பில் இருந்த கணக்கும் புரிந்து கொள்ளக் கூடியதே. பெண்ணை அனுப்ப வேண்டியவர் ஆசாரம் மிகுந்த ஒரு தகப்பனார். விடுதியில் ஆசாரம் கெடும் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், மறுநாளே வந்து பெண்ணைக் கூட்டிக் கொண்டு போய்விடுவார். பம்பாயில் பண்டித ரமாபாய் 1889-ல் சாரதா சதன் தொடங்கினார். மதமாற்றம் நடக்கிறது என்ற புகார் கிளம்பியதும் பெற்றோர்கள் பெண்களைத் திருப்பி அழைத்துக் கொண்டார்கள். பூனாவில் 1896-ல் கைம்பெண் இல்லம் தொடங்கிய கார்வே, தாமே ஒரு கைம்பெண்ணை மணந்தவர் என்பதற்காக ஊர் விலக்கம் அனுபவித்தார். இவை எல்லாம் ஊரறிந்த பாடங்கள். சுப்பலட்சுமி ஆசாரத்தோடு சண்டை போடாமல், அதன் வாசல் வழியாகவே பெண்களை வெளியே அழைத்து வந்தார். உள்ளே வந்தவர்களுக்கு அது வாழ்வு. வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்கு அநியாயம். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கக் கூடாது.

ஆனால் அவர் அந்த வாசலோடு நின்றுவிடவில்லை. ஐஸ் ஹவுஸுக்குப் பக்கத்தில் மீனவர் குப்பம். அந்தக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி நடத்த ஏற்பாடு செய்தார். 1922-ல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் முதல்வர் அவர்தான். ஆசிரியை ஆக வருகிறவர்கள் பாடம் நடத்திப் பழக, கூடவே ஒரு மாதிரிப் பள்ளியும் இருந்தது. தமிழ்நாட்டில் பி.எட். படித்த அக்காமார்களுக்கு லேடி வில்லிங்டன் என்ற பெயரைச் சொன்னால் தெரியும்.

சொந்தக் காலில் ஒரு பள்ளி

அரசாங்க விடுதியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பதினெட்டு வயதைத் தாண்டிய கைம்பெண்களைச் சேர்க்க முடியாது. விதி அப்படி. இருபது, இருபத்தைந்து வயதில் கணவனை இழந்து, கையில் குழந்தையோடு வந்து நிற்கிறவளிடம் உனக்கு வயதாகிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்புவதா?

அரசு ஊழியராக இருந்து கொண்டு அரசு விதியை மீற முடியாது. ஆகவே விதிக்கு வெளியே ஓர் இடத்தை உண்டாக்கினார். சாரதா மகளிர் சங்கத்தின் பொறுப்பில் 1920-களில் சாரதா வித்யாலயா பிறந்தது. விடுதியோடு கூடிய பெண்கள் பள்ளி. அரசு விடுதியில் இடமில்லாத பெரிய பெண்களுக்கு இங்கே இடம் கிடைத்தது. இதுதான் ஒரு தனிப்பட்ட சங்கத்தின் கையில் பள்ளி இருப்பதன் பயன். யாரைச் சேர்ப்பது என்பதை எங்கிருந்தோ வரும் உத்தரவு தீர்மானிக்காது. வாசலில் வந்து நிற்கிறவளின் முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். கஷ்டமும் உண்டு. மாதச் சம்பளத்துக்கும், அரிசி பருப்புக்கும், கட்டிட வாடகைக்கும் சங்கத்துப் பெண்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்று. தாம் பெற்ற குழந்தை மாதிரி வளர்த்த அந்தப் பள்ளியை அவர் தம்மோடு கட்டிப் போட்டுக் கொள்ளவில்லை. 1938-ல் அதை ராமகிருஷ்ண மிஷன் ஏற்றுக் கொண்டது. நிறுவனர் போன பிறகு எத்தனையோ பள்ளிகள் வழக்கு மன்றத்தில் இழுபடுவதை நாம் பார்க்கிறோம். சுப்பலட்சுமி உயிரோடு இருக்கும்போதே, திடமான கைகள் எவை என்று பார்த்து ஒப்படைத்தார். தியாகராய நகரில் சாரதா வித்யாலயா என்ற பெயரோடு அந்தப் பள்ளிகள் தழைத்தன.

ஓய்வில்லாத ஓய்வு

அரசு வேலையில் இருந்ததால் அரசியல் மேடை ஏற முடியாது. ஆனாலும் குழந்தை மணத்தை எதிர்த்துப் பேசத் தயங்கவில்லை. பெண்ணுக்குக் குறைந்தபட்ச மண வயது பதினான்கு என்று விதித்த சாரதா சட்டம் 1929-ல் நிறைவேறியது. அதன் பெயர் சட்டத்தைக் கொண்டு வந்த ஹர்பிலாஸ் சாரதாவிடமிருந்து வந்தது. நம் கதையின் சாரதாவோடு பெயர் பொருந்தியது தற்செயல்தான். அதே 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் அக்காலத்தில் சட்டமன்றத்திலும், பிறகு அவ்வை இல்லத்திலும் பெண் குழந்தைகளுக்காகப் பாடுபட்டார். ஒரே ஆண்டு பிறந்த இந்த இருவரும் இரண்டு வழியில் ஒரே திசைக்கு நடந்தார்கள்.

அரசுப் பணி முடிந்த பிறகு 1942-ல் மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையம் தொடங்கினார். வயது வந்த பெண்களுக்கான பள்ளி. வயதைக் காரணம் காட்டி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற பழைய எண்ணம் விடவில்லை பாருங்கள்! 1952 முதல் 1956 வரை சென்னை சட்ட மேலவை உறுப்பினர். 1954-ல் தாம்பரம் பக்கத்தில் மாடம்பாக்கத்தில் பெண்கள், குழந்தைகள் நல மையம். அவர் தலைவராக இருந்த மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் முயற்சியில் 1956-ல் வித்யா மந்திர் பள்ளி. எழுபதை நெருங்கும் வயதில் இத்தனையும்.

1920-ல் ஆங்கில அரசு கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1958-ல் சுதந்திர இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது. 1969 டிசம்பர் 20-ஆம் தேதி, வைகுண்ட ஏகாதசியன்று, எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார். ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம். உள்ளே போகிறவர்கள் சுவாமிஜியை நினைக்கிறார்கள். நியாயம்தான். அந்தச் சுவர்களுக்குள் அகரம் கற்ற பெண்களையும் ஒரு நிமிஷம் நினைத்தால் புண்ணியம்.

நமக்கு என்ன?

இன்றைய மாணவியருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பஸ் பிடித்து, புத்தகப் பையோடு, மழைக்கும் வெயிலுக்கும் கவலைப்படாமல் கல்லூரிக்கு வருகிறீர்கள். இது இயற்கையாக வந்த பாக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். யாரோ ஒரு தகப்பன் ஊரை எதிர்த்து நின்றான். யாரோ ஒரு சித்தி சோறு வடித்துப் போட்டாள். யாரோ ஒரு பெண் பதினைந்து வயதில் வெட்கத்தை விட்டு அகரம் எழுதினாள். அதனால்தான் உங்கள் பாட்டிக்கோ அம்மாவுக்கோ ஒரு பெண் டீச்சர் கிடைத்தார்.

முன்னாள் மாணவர்களாகிய நமக்கும் ஒரு வார்த்தை. பெண்ணின் மண வயது பதினெட்டு என்று சட்டம் இருக்கிறது. இருந்தும் பத்தாவது, பன்னிரண்டாவதோடு நிறுத்திக் கல்யாணம் பேசி முடித்துவிட்ட கதைகள் நம் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. படிப்பை நிறுத்த வீட்டில் சொல்லும் காரணமும் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். விடுதிக் கட்டணம், பஸ் வசதி, அல்லது கூட வர ஒரு துணை. சங்கத்துக்கு ஆண்டு தோறும் நாம் கொடுக்கும் பணத்தில் கூட்ட விருந்துக்கும் சால்வைக்கும் போக ஒரு பகுதியை, இப்படிப் பாதியில் நிற்கும் பெண்களுக்கென்று தனியாக எடுத்து வைத்தால் என்ன? யாருக்குக் கொடுப்பது என்று பெரிய விதிமுறை வேண்டாம். விதியில் அடங்காமல் வந்து நிற்கிறவளுக்கு முதலில் கொடுக்கலாம். பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வருமாறு நிர்வாகிகளைக் கேட்டுக் கொள்கிறேன்.